தப்பென்று எழுதிய சொற்கள்

மிதுனின் தாளில் கிருபா பதினோரு தப்புப் போட்டாள். அதில் பத்து அவளுடைய தப்பு என்று தெரிய அரைமணி நேரம் பிடித்தது.

1994ஆம் வருஷம், ஆவணி மாதம். கோயம்புத்தூரில் திருச்சி ரோட்டை ஒட்டிய ஒரு தர்ம ஆஸ்பத்திரி. காது மூக்கு தொண்டைப் பிரிவின் பின்பக்கம், பழைய ஸ்டோர் ரூமைச் சுத்தம் பண்ணி, 'பேச்சுப் பயிற்சி' என்று பலகை மாட்டியிருந்தார்கள். ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு டேப் ரிக்கார்டர், ஒரு பெட்டி நிறையப் படஅட்டைகள். அந்த அறைக்கு ஒரே ஸ்பீச் தெரபிஸ்ட் கிருபா. வயது இருபத்தேழு. மைசூரில் படித்துவிட்டு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

மிதுனுக்கு அஞ்சு வயசு. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் தனபாலின் மகன். அப்பா, அம்மா கீதா, பையன் மூவரும் காலையில் முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர், "பையனுக்கு நாக்குத் தெளியலை, டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

கிருபா வீடு வரைந்த அட்டையை எடுத்து நீட்டினாள். "இது என்ன? சொல்லு."

பையன் அவள் முகத்தைப் பார்த்தான். அட்டையைப் பார்க்கவில்லை.

"சொல்லு, தம்பி. இது என்ன?"

மூன்று தடவை கேட்டபிறகு வாய்க்குள்ளேயே, "ஊடு" என்றான். கிருபா தாளில் 'வ'வுக்கு எதிரே பெருக்கல் குறி போட்டாள். சொல்லின் முதல் எழுத்து விழுந்துவிடுகிறது. அடுத்த அட்டையில் சைக்கிளிலிருந்து விழும் சிறுவன். "உளுந்துபோட்டான்." இன்னொரு குறி. வாழைப்பழத்துக்கு 'வாளப்பளம்'. இன்னொன்று. இப்படியே அடுத்த ஏழு அட்டைக்கும் ஏழு குறி. அதற்கடுத்த அட்டையில் ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்த பனிமனிதன், தலையில் தொப்பி, மூக்குக்குக் கேரட். மிதுன் அதை மட்டும் கொஞ்சம் ஆசையோடு பார்த்தான். "திருட்டி பொம்மை" என்றான். புது வீட்டு மாடியில் கண்ணேறுக்குக் கட்டித் தொங்கவிடுவார்களே, அது. கிருபாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் 'தவறான பெயர்' என்று எழுதினாள். அதற்கப்புறம் பையன் வாயைத் திறக்கவே இல்லை.

அவள் பேனாவை மூடிவிட்டுப் பெற்றோரைப் பார்த்தாள். "முதல் எழுத்துகளை விட்டுவிடுகிறான். வாரம் ஒரு முறை அழைத்து வர வேண்டும். வீட்டிலும் நீங்கள் திருத்த வேண்டும். 'வீடு' என்று சொல்லச் சொல்லுங்கள்."

கீதா கொஞ்ச நேரம் யோசித்தாள். சண்டைக்கு நிற்கிற முகம் இல்லை அது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற முகம்.

"ஏனுங்க, எங்கூட்டுல எல்லாருமே ஊடுன்னுதானுங்க சொல்லுவோம். நானு, இவுங்க, இவுங்க அண்ணன் தம்பிக, தோப்புல வேலை செய்யறவீக, எல்லாருமே. அப்ப எங்க எல்லாத்துக்கும் நாக்குல கோளாறுங்களா?"

கிருபா பதில் சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்துத் தனபால் பேச்சை மாற்றினார். "அம்மணிக்கு எந்த ஊருங்க?"

"வெள்ளகோவில் பக்கம்."

"அட, நம்ம பக்கந்தான். வெள்ளகோவில்ல யாரு ஊடுங்க?"

அந்தக் கேள்வியைக் கிருபா ஆறு வயசிலிருந்து அறிவாள். அது தெருவைக் கேட்கும் கேள்வி அல்ல. வழக்கமாக, "பக்கத்துல ஒரு கிராமம்" என்று சொல்லி நழுவிவிடுவாள். அன்றைக்குக் கீதாவின் கேள்வி இன்னும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்ததாலோ என்னவோ, நழுவத் தோன்றவில்லை. வாய் தானாக ஊர்ப் பேச்சுக்குப் போய்விட்டது.

"எங்கப்பா பேரு மாசாணமுங்க. காட்டு வேலைக்குப் போறவருங்க. எங்களுக்குத் தோட்டங்காடெல்லாம் ஏதும் இல்லீங்க."

தனபால் மின்விசிறியைப் பார்த்தார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தார். "செரிங்க, செரிங்க" என்றார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. கீதா முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டாள்.

அப்போது மிதுன் பேசினான். "நீங்களும் எங்களாட்டவே பேசுவீங்களா?"

கிருபா அவன் பக்கம் திரும்பினாள். அரைமணி நேரமாக ஒற்றைச் சொல்லுக்குமேல் தாண்டாத பையன் முழுசாக ஒரு வாக்கியம் சொல்லியிருந்தான். ஏன் இப்போது மட்டும்? அவள் அட்டைப் பெட்டியை மறுபடி திறந்தாள். இந்தத் தடவை நாற்காலியை விட்டு இறங்கி, அவன் உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"இது என்னுங்க கண்ணு?"

"ஊடுங்க."

"இதுங்க?"

"அந்தண்ணன் உளுந்துபோட்டானுங்க."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் பெரியவர்களே பிள்ளைகளை 'வாங்க, சாப்புடுங்க' என்றுதான் கூப்பிடுவார்கள். 'சொல்லு' என்று மொட்டையாகச் சொன்னால் அது கோபம். பையன் இத்தனை நேரம் தான் என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

அடுத்த அட்டையில் காக்கா. "தாக்காங்க" என்றான். கத்தரிக்காய்? "தத்தரிக்காங்க." "கண்ணு எங்க இருக்குது, தொட்டுக் காட்டுங்க." அவன் இமையைத் தொட்டு, "தண்ணு" என்றான்.

கீதா உடனே சொன்னாள். "இதுதானுங்க. இதுக்குத்தானுங்க டீச்சர் சீட்டுக் குடுத்தாங்க. எங்கூட்டுல யாரும் காக்காயத் தாக்கான்னு சொல்ல மாட்டோம்."

அதுதான் உண்மையான கோளாறு. சொல்லின் முதலில் 'க' வந்தால் 'த' ஆகிவிடுகிறது. பதினோரு குறிகளுக்கு நடுவே அது ஒரே ஒரு குறியாக ஒளிந்துகொண்டிருந்தது. நாலு மாதம் வாராவாரம் வந்தார்கள். தனபால் அதற்கப்புறம் அவளிடம் ஊர் உறவெல்லாம் கேட்கவில்லை. ஆனால் வரும்போதெல்லாம் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். தைப்பொங்கல் வாக்கில் மிதுன் காக்காயைக் காக்கா என்றே சொன்னான். வீட்டை ஊடு என்றே சொன்னான்.

இதில் கிருபாவை உறுத்தியது வேறொன்று. அந்த 'ஊடு' அவளுடைய சொல். மைசூரில் சேர்ந்த முதல் வாரம், விடுதியில் தமிழ்நாட்டுச் சீனியர் மாணவிகள் "எங்க போறே?" என்று கேட்க, "ஊட்டுக்குப் போன் பண்ணிப்போட்டு வாரேனுங்க" என்றாள். போன் அவள் வீட்டில் ஏது, ஊரில் மிஷன் பள்ளி ஆபீஸில்தான். அதைவிட அந்த 'ஊட்டுக்கு'ம் 'வாரேனுங்க'வும் அவர்களுக்குப் பெரிய வேடிக்கையாகிவிட்டது. ஒரு மாதம் அவளுக்கு 'வாரேனுங்க' என்றே பேர். கண்ணாடி முன்னால் நின்று 'வீடு, விடு, விழுந்தான்' என்று சொல்லிப் பழகினாள். ஒரு வருஷத்தில் எந்த ஊர்க்காரி என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாத தமிழ் வந்துவிட்டது. அதோடு விட்டாளா? அந்தத் தமிழை வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு மார்க் போட வந்துவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பீரோவைத் திறந்து ஒரு வருஷத்துத் தாள்களை மேசையில் பரப்பினாள். நாற்பத்தோரு பிள்ளைகள். அதில் ஆறு பேருக்கு 'வ' விழுவதைத் தவிர வேறு குறையே இல்லை. ஆறு பேர் வீட்டுக்கும் போஸ்ட்கார்டு எழுதினாள். 'உங்கள் குழந்தையின் பேச்சில் குறை ஏதும் இல்லை. பயிற்சி தேவை இல்லை. நான் சொன்னது தவறு.'

ரெண்டு பேர் நேரிலேயே வந்தார்கள். ஒருவர் சந்தோஷமாகப் போனார். இன்னொருத்தி சிங்காநல்லூரில் மில்லுக்குப் போகிற பெண். கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஊடுன்னு சொல்றப்பெல்லாம் உதட்டுல ஒண்ணு வெச்சனுங்க, நீங்க திருத்தச் சொன்னீங்கன்னு. இப்பப் புள்ள எம்முன்னால பேசறதே இல்லீங்க. அப்ப அடிச்சதெல்லாம் சும்மாத்தான் அடிச்சனுங்களா?"

கிருபா மன்னிப்புக் கேட்டாள். அது போதவில்லை என்று ரெண்டு பேருக்கும் தெரிந்தது. அந்தப் பெண்ணின் மகளை ஏழெட்டு வாரம் கூட்டிவரச் சொல்லி, ஒன்றும் திருத்தாமல், பேச மட்டும் விட்டாள். பிள்ளை மெதுவாகப் பேச ஆரம்பித்தது. அம்மாவிடம் பேசியதா என்று கிருபாவுக்குத் தெரியாது.

அட்டைகளை முதலில் மாற்ற வேண்டும். உக்கடத்தில் கடைப் பலகை எழுதும் மைதீன் பிச்சையைப் பிடித்தாள். ஐம்பது வயசுக்காரர், தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு பேசுவார். என்னென்ன படம் வேண்டும் என்று அவள் வாய்மொழியாகச் சொல்ல, அவர் பீடிக்கட்டுத் தாளில் குறித்துக்கொண்டார். பத்து நாளில் ஐம்பது அட்டை வந்தது. அச்சு அசல் நம்மூர்க் காக்கா, நம்மூர் ஓட்டு வீடு, ஆட்டுக்கல். ஆனால் 'ஆத்தா' அட்டையில் தாடியும் தொப்பியும் வைத்த ஓர் ஆள் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பாய் இது? நான் ஆத்தா படமில்ல கேட்டேன்?"

"அத்தாதாம்மா போட்டிருக்கேன்."

அவர் வீட்டில் அத்தா என்றால் அப்பா. அவள் ஊரில் ஆத்தா என்றால் அம்மா. ரெண்டு பேரும் அட்டையை நடுவில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்கள். அவர் வேறு வரைந்து தருகிறேன் என்றார். கிருபா இதையும் வாங்கிக்கொண்டாள். உக்கடத்திலிருந்தும் கரும்புக்கடையிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்களே, அவர்களுக்கு அந்தச் சிரிக்கிற ஆள்தான் சரியான படம். ஒரே ஊரில், ரெண்டு மைல் தூரத்தில், நெடிலா குறிலா என்பதில் அம்மா அப்பாவாக மாறிவிடுகிறாள். இன்னும் இந்த மாதிரி எத்தனை இருக்கும்? அன்றிலிருந்து அவள் கைப்பையில் ஒரு நோட்டு ஏறியது.

1996இல் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சி மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். முதல் வருஷம் ரெண்டு பேர். சண்முகப்பிரியா, மெட்ராஸ்காரி, வகுப்பில் முதல் மாணவி. ஆல்வின், வால்பாறை எஸ்டேட்டில் பிறந்தவன். தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பான். "ஆறு மாசம் உங்க பொறுப்பு" என்று துறைத் தலைவர் கிருபாவிடம் ஒப்படைத்தார்.

முதல் வியாழக்கிழமையே அவள் ரெண்டு பேரையும் பொள்ளாச்சிச் சந்தைக்கு அனுப்பினாள். மாடு வாங்கப் போகிறவர்கள் கூட்டத்தில் நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது, தெரியாத சொல் பத்தோடு திரும்பி வர வேண்டும்.

சண்முகப்பிரியா சட்டையெல்லாம் புழுதியோடு வந்து சேர்ந்தாள். "மேடம், கோவிச்சுக்காதீங்க. நாங்க தெரபி கத்துக்க வந்தோமா, மாடு வாங்கக் கத்துக்க வந்தோமா?"

"எத்தனை சொல் கெடச்சுது?"

"முப்பத்தொண்ணு. ஆனா அதுல பாதி தமிழே இல்ல. ஒருத்தர் கன்னடத்துல வெலை கேட்கறார், இன்னொருத்தர் மலையாளத்துல பதில் சொல்றார், தரகர் தெலுங்குல திட்டறார். யாருக்கும் எதுவும் புரியாம இல்ல. அதுதான் எனக்குப் புரியலை."

கிருபாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது.

அடுத்த மாதம் கோவிந்தராஜுலு வந்தார். பீளமேட்டில் ஒரு ஃபவுண்டரியில் முப்பது வருஷமாக மோல்டர். அதாவது, காய்ச்சிய இரும்பை ஊற்றுவதற்கு மண்ணில் அச்சுக் கட்டுகிறவர். ஐம்பத்திரண்டு வயசு. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் வலது பக்கம் வாதம் அடித்துவிட்டது. கை கால் கொஞ்சம் திரும்பியிருந்தது, சாப்பாடு தண்ணீர் சிரமமில்லாமல் இறங்கியது. பேச்சுத்தான் இல்லை. மனைவி ரங்கநாயகி தினமும் பஸ்ஸில் கூட்டிவந்து விட்டுவிட்டு, மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கப் போவார்.

சண்முகப்பிரியாவுக்கு அவர் முதல் பெரிய நோயாளி. மூன்று நாள் பரிசோதனை செய்து சுத்தமாக எழுதிக்கொண்டு வந்தாள். 'தாய்மொழி: தமிழ். பெயர் சொல்லுதல்: இல்லை. திருப்பிச் சொல்லுதல்: இல்லை. பேச்சு: "சாலு" என்ற பொருளற்ற ஒலி மட்டும்.'

"சாலா?" என்றாள் கிருபா. உடனே அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இது பொருளற்ற ஒலி இல்ல, பிரியா. உனக்குத் தெரியாத சொல், அவ்வளவுதான். எங்க பக்கம் கெணத்துக் கவலையில மாடு கட்டித் தண்ணி எறைக்கற தோல்பைக்குச் சால்னு பேரு. அவரு தண்ணி கேக்கறாரு. வா, காட்டறேன்."

போய் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்தார். "சாலு" என்றார். பார்த்தாயா என்று கிருபா சண்முகப்பிரியாவைப் பார்த்தாள். இன்னொரு டம்ளர் ஊற்றினாள். அவர் பாதி குடித்துவிட்டு, "சாலு, சாலு" என்றார். இன்னும் ஊற்றினாள். அவர் இடது கையால் டம்ளரைத் தள்ள, தண்ணீர் அவள் சேலையில் கொட்டியது. "சாலு" என்று இப்போது கத்தினார். கண் கலங்கியிருந்தது.

சத்தம் கேட்டு ரங்கநாயகி வாசலுக்கு வந்துவிட்டார். "ஐயோ, என்னத்துக்குங்க அத்தனை தண்ணி? அவரு போதும்னு சொல்றாருங்களே."

"போதும்னா?"

"சாலுன்னா எங்க பாஷையில போதும்னு அர்த்தமுங்க."

கிருபா நனைந்த சேலையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். சண்முகப்பிரியா உதட்டைக் கடித்து எதையோ அடக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் கிருபாவே சிரித்துவிட்டாள்.

"அம்மா, வீட்ல தெலுங்கு பேசுவீங்கன்னு ஏன் சொல்லலை? தாய்மொழி தமிழ்னு எழுதியிருக்குதே?"

"கேட்டப்பத் தமிழ்னுதானுங்க சொன்னேன். பள்ளிக்கூடத்துல படிச்சது தமிழு, ரேஷன் கார்டுல இருக்கறது தமிழு. ஊட்டுல சும்மா எங்களுக்குள்ள பேசிக்கறது, அத எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. அதையெல்லாம் ஒரு பாஷைன்னு ஆஸ்பத்திரில சொல்லுவாங்களா?"

அது மாலை வரை கிருபாவை விடவில்லை. கோவிந்தராஜுலு என்ற பேரைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பீளமேட்டில் பாதித் தெரு தெலுங்கு பேசும் என்பது ஊரறிந்த விஷயம். தாளில் 'தமிழ்' என்று எழுதியிருந்தது, அவள் தாளை நம்பினாள். அதைவிட மோசம், தனக்குத் தெரிந்த சொல்லையே பதிலென்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆல்வின் ஒரு வழி சொன்னான். ஆஸ்பத்திரியில் மேல்படிப்புக்கு வந்த டாக்டர் ஒருவர் குண்டூர்க்காரர். அவரைக் கூட்டிவந்து தெலுங்கிலேயே பரிசோதித்தால் என்ன? நல்ல யோசனையாகத் தெரிந்தது. டாக்டரும் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்தார். அன்பாகத்தான் கேட்டார். கோவிந்தராஜுலு முதலில் நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் முகம் மூடிக்கொண்டது. மிதுன் முதல் நாள் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்துவிட்டார். ஒரு கேள்விக்கும் பதில் இல்லை.

"தெலுங்கும் போயிடுச்சு போலிருக்கு" என்றார் டாக்டர் வருத்தமாக.

அவர் போனபிறகு ரங்கநாயகி மெதுவாகச் சொன்னார். "அவரு பேசறது ரேடியோவுல வர்ற தெலுங்குங்க. எங்கேங்கறதுக்கு 'எக்கட'ங்கறாரு. நாங்க 'யாட'ம்போம். எங்க பாட்டன் பூட்டன் காலத்துக்கு முந்தியே இங்க வந்துபோட்டமுங்களே. எனக்கே பாதி புரியலை, பாவம் இவருக்கு எப்படிப் புரியும்?"

சண்முகப்பிரியா அதுவரை குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டாள். "அப்ப நீங்களே கேளுங்கம்மா. நாங்க பக்கத்துல உட்கார்ந்துக்கறோம்."

ரங்கநாயகிக்குக் கூச்சம். டாக்டர்கள் வேலையைத் தான் எப்படிச் செய்வது என்றார். அப்புறம் கணவருக்கு எதிரே உட்கார்ந்து, மைதீன் பிச்சையின் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வீட்டில் பேசுகிற மாதிரியே கேட்டார். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. ரெண்டாம் நாள் வீட்டு அட்டைக்கு "இல்லு" என்றார் கோவிந்தராஜுலு. அவர்கள் பாஷையில் வீடு. ரங்கநாயகி அட்டையைக் கீழே போட்டுவிட்டார். ஒரு வாரத்தில் பதினாலு சொல். மூன்றாம் வாரம் மனைவியைத் திட்டினார், முழு வாக்கியமாக. ரங்கநாயகிக்குப் பெருமை தாங்கவில்லை. வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவந்தார்.

அதற்கப்புறம்தான் விசித்திரமே தொடங்கியது. ஒரு நாள் ஆல்வின் விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னான். கோவிந்தராஜுலு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று இருபது வரை தமிழில் போனார். இன்னும் பேச வராத தமிழில். தெலுங்கில் எண்ணச் சொன்னால் மூன்றோடு நின்றுவிட்டார்.

"ஏன் மேடம்?" என்றாள் சண்முகப்பிரியா.

"தெரியலை. போய்ப் பார்க்கலாம்."

மூவரும் பீளமேட்டு ஃபவுண்டரிக்குப் போனார்கள். அனலும் கரிமண்ணும். அங்கே அரங்கசாமி என்று ஒருவர், கோவிந்தராஜுலுவோடு பக்கத்துப் பக்கத்தில் இருபது வருஷம் அச்சுக் கட்டியவர். மண்ணை மிதித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"நாயுடு இங்க தெலுங்கே பேசமாட்டாருங்க. நாங்கெல்லாம் தமிழாளுக. சாயங்காலம் அச்சு எண்ணறது அவருதான். சத்தமா எண்ணுவாரு, அந்தக் கோடி வரைக்கும் கேக்கும். தப்பே வராது."

முப்பது வருஷம், தினமும் சாயங்காலம். வீட்டுச் சாமானுக்கு ஒரு மொழி, கோபத்துக்கு அதே மொழி, எண்ணிக்கைக்கு வேறொன்று. திரும்பும்போது டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே மூவரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். 'தாய்மொழி என்ன' என்று ஒரு கோடு போட்டு விட்டால் இந்த மனுஷனில் எது அந்தக் கோட்டில் அடங்கும்? ஆல்வின், தனக்குச் சாமி கும்பிட மட்டும் தமிழ்தான் வரும், மற்றதெல்லாம் கலவை என்றான். சண்முகப்பிரியா, தன் அம்மா போனில் மட்டும் வேறு மாதிரி பேசுவாள் என்றாள். கண்டக்டர் டிக்கெட் கேட்டது ரெண்டு தடவை யார் காதிலும் விழவில்லை.

அந்த வாரம் ஆஸ்பத்திரித் தாளில் 'தாய்மொழி' என்ற வரியை அடித்துவிட்டு, மூவரும் சேர்ந்து வேறு கேள்விகள் எழுதினார்கள். வீட்டில் யார் யாரோடு எதில் பேசுவீர்கள். கோபம் வந்தால் எதில் வரும். குழந்தையை எதில் கொஞ்சுவீர்கள். வேலைக்குப் போன இடத்தில் எது. துறைத் தலைவர் படித்துப் பார்த்துவிட்டு, "பதில் எழுதப் பக்கம் போதாதே" என்றார். அதற்குமேல் மறுக்கவில்லை.

எல்லாம் புரிந்துவிடவும் இல்லை. மூன்றாம் மாதத்தில் கோவிந்தராஜுலு ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். 'தெம்மரி' என்று கேட்டது. ஜன்னலைப் பார்த்துச் சொல்வார், சொல்லிவிட்டுச் சிரிப்பார். ரங்கநாயகிக்குத் தெரியவில்லை. அரங்கசாமிக்குத் தெரியவில்லை. குண்டூர் டாக்டரும் கையை விரித்தார். கேசட்டில் பதிந்து பத்துப் பதினைந்து பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். சண்முகப்பிரியா அறிக்கையில் அதை எழுதும்போது கொஞ்சம் தயங்கிவிட்டு, 'இந்தச் சொல்லின் பொருள் எங்களுக்குத் தெரியவில்லை' என்று எழுதினாள். கிருபா அதில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

அவர் திரும்ப வேலைக்குப் போகவில்லை. கை அதற்கு விடவில்லை. ஆனால் தமிழும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சாயங்காலம் ஃபவுண்டரி வாசல் டீக்கடையில் உட்கார்ந்து, வேலை விட்டு வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு வந்தது. பேர் மறந்தால் திட்டுவார், தெலுங்கில். அரங்கசாமிக்கு இருபது வருஷத்துக்கு அப்புறம் நாலு தெலுங்குச் சொல் தெரிந்தது.

பரீட்சை நடத்த வந்த வெளியூர்ப் பேராசிரியர் சண்முகப்பிரியாவின் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "நோயாளியின் மனைவியைப் பரிசோதகராக்குவது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். "எந்தப் புத்தகத்திலும் இல்லை சார்" என்றாள் அவள். மார்க்கைக் குறைத்துவிட்டார். முதல் மாணவி அந்த வருஷம் மூன்றாவதாக வந்தாள். கிருபாவுக்கு அது நெடுநாள் வருத்தம். சண்முகப்பிரியாவுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பம்பாயில் வேலைக்குச் சேர்ந்து ஆறாம் மாதம் எழுதின கடிதத்தில், 'இங்கே ஒரே மாடிப்படியில் ஏழு பாஷை, மேடம். நான் தினமும் முட்டாளாகிறேன், நன்றாக இருக்கிறது' என்று எழுதியிருந்தாள்.

1999 தை மாதம், புதிதாக வந்த மூன்று மாணவிகளோடு கிருபா ஆனைகட்டி பஸ்ஸில் போனாள். மலையடிவாரத்தில் இருளர் குடியிருப்பு ஒன்றில் ஒரு பெண்பிள்ளைக்குத் திக்குவாய் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். பிள்ளைக்கு ஏழு வயசு. பள்ளிக்கூடத்தில் மட்டும் திக்குகிறதா, வீட்டிலுமா என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு அவர்கள் வீட்டில் பேசுவதைக் கேட்க வேண்டும். அந்தப் பேச்சில் கிருபாவுக்கு ஒரு சொல்லும் தெரியாது. மாணவிகளுக்கும் தெரியாது. பெட்டியை பஸ்ஸிலிருந்து இறக்கும்போதே ஒரு மாணவி கேட்டாள். "மேடம், நமக்கே தெரியாம எப்படி டெஸ்ட் பண்றது?"

"இன்னைக்கு டெஸ்ட் இல்ல" என்றாள் கிருபா.

பிள்ளையின் அம்மா கூரைக்கு வெளியே கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். கிருபா பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, முறத்தைத் தொட்டுக் காட்டி இதற்கு உங்கள் பேச்சில் என்ன என்று கேட்டாள். அந்தப் பெண் சொன்னாள். கிருபா திருப்பிச் சொன்னாள். அந்தப் பெண் தலையை ஆட்டி, இல்லை என்று மறுபடி சொன்னாள். கிருபா மறுபடி சொன்னாள். பிள்ளை அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தது. மூன்றாம் தடவையும் தப்பாகவே வந்தது. இந்தத் தடவை பிள்ளையே முன்னால் வந்து, கிருபாவின் வாயைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சொல்லை மெதுவாக, திக்காமல் சொல்லிக் கொடுத்தது.